அந்தோணியார்குடியின் இரும்பு

1968 பிப்ரவரி 12, திங்கள்

வாடை அடங்கிவிட்டது. காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் வெயில் உறைக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல் மறுபடியும். கிராம்புத் தைலம் தீர்ந்தது.

இன்றைக்கு என்று வைத்திருந்தவை: ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மடைத் தகராறு, பத்து வரி. சைக்கிள் பின்சக்கரம். பல். மூன்றும் நடக்கவில்லை.

மதுரையிலிருந்து துணையாசிரியர் டிரங்க் கால். திருப்புல்லாணிக்குத் தெற்கே கடற்கரையில் யாரோ ஒரு பெண் விஞ்ஞானி பூமியின் காந்தத்தை அளக்கிறாராம். "போய்ப் பாரும் ஓய். காந்தம்னா ஜனங்க படிப்பாங்க." ஏன் படிப்பார்கள் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

பஸ்ஸில் திருப்புல்லாணி. அங்கே வாடகை சைக்கிள். பாதி தூரம் மிதித்து, மீதி தூரம் மணலில் தள்ளி, அந்தோணியார்குடி போய்ச் சேர்ந்தேன். தெரிந்த ஊர்தான். ஓலை வீடுகள், ஓடு போட்ட ஓர் அந்தோணியார் கோவில், ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. எல்லாரும் கடல் தொழில். மின்சாரம் கேட்டு இவர்கள் போட்ட மனுக்களைப் பற்றி நானே பல தடவை எழுதியிருக்கிறேன். கம்பம் திருப்புல்லாணி வரை வந்து நின்றுவிட்டது. கரண்டு வந்தால் ஐஸ் பாக்டரி போட மண்டபத்து முதலாளி ஒருவர் தயார். ஐஸ் இல்லாததால் வியாபாரி சொன்னதுதான் விலை. மதியத்துக்குள் விலைபோகாத மீன் கருவாடு.

ஊர் மேட்டில் புதிதாக ஒரு பலகைக் குடில். அதைச் சுற்றிப் பெரிய வட்டமாக மூங்கில் நட்டுத் தென்னங்கயிறு. ஊரில் பாதி வீடுகள் கயிற்றுக்கு உள்ளே. உள்ளேயிருந்து ஒரு பெண் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"நில்லுங்க! சைக்கிளோட வராதீங்க!"

இவர்தான் டாக்டர் வசந்தா. வயது முப்பத்தைந்து இருக்கலாம். தேவகோட்டைப் பேச்சு, வேலை வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். தலையில் ஹேர்பின் கிடையாது, புடவையில் ஊக்கு கிடையாது, செருப்பில் ஆணியைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்திருக்கிறார். பல்வலிக்கு ஏதாவது உண்டா என்றேன். தான் அந்த டாக்டர் இல்லை என்றார். இனி 'வ.' என்று எழுதுகிறேன்.

சைக்கிள், சாவிக்கொத்து, பேனாக்கத்தி, பெல்ட் எல்லாவற்றையும் கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். குடிலில் அளவு காட்டும் பெட்டியின் எண்கள் குதித்தன.

"உங்ககிட்ட இன்னும் இரும்பு இருக்கு."

இல்லை என்றேன். பெட்டி இருக்கிறது என்றது. கடைசியில் விரல். ஏழரைச் சனிக்காக வீட்டில் போட்டுவிட்ட குதிரைலாட மோதிரம். போட்டிருப்பதே மறந்துபோயிருந்தது. கழலவில்லை. ஊர்த்தலைவர் மிக்கேலின் மனைவி பிலோமினா வந்து சோப்புப் போட்டு உருவினாள்.

"சனி அண்டாதுன்னு இத மாட்டிக்கிட்டு வந்தீகளாக்கும்? இங்கன இதுதான் சனி."

வீட்டுக்குத் திரும்பும்போது மறக்காமல் மாட்டிக்கொண்டேன். வீட்டில் கேட்பார்கள்.

13, செவ்வாய்

மாசி பிறந்தது. கத்தரிக்காய் சாம்பார். பல் பரவாயில்லை.

மறுபடி அந்தோணியார்குடி. அளக்கும் கருவி என்றால் பளபளவென்று ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். மரமுக்காலியின் மேல் ஒரு பாட்டில், அதைச் சுற்றிச் செப்புக்கம்பி, பாட்டிலுக்குள் மண்ணெண்ணெய். அவ்வளவுதான். மண்ணெண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பம்பரம் மாதிரித் தலையாட்டுமாம். ஆட்டத்தின் வேகத்தை எண்ணினால் அந்த இடத்தில் பூமியின் காந்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாற்பதாயிரத்தில் ஒன்று மாறினாலும் காட்டும். கம்பிச்சுருளில் வருகிற மின்சாரம் மிக மிக மெலிந்தது. அதைப் பெருக்கித்தான் எண்ணவேண்டும். பக்கத்தில் ஓர் அரிவாள் நடந்துபோனால் போச்சு.

மதியம் ஒரு ஹெட் கான்ஸ்டபிள். குடிலில் பாட்டில் இருப்பதாக யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். மதுவிலக்குக் காலத்தில் பாட்டிலைச் சுற்றிக் கம்பி என்றால் காய்ச்சுகிற ஏற்பாடு என்றே முடிவு கட்டி வந்திருந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"மண்ணெண்ணெயா?"

"ஆமா."

"ரேஷன் கார்டு இருக்கா?"

அவருடைய பெல்ட், பூட்ஸ் லாடம், தொப்பி வில்லை ஆகியவற்றால் அரை மணி அளவீடு பாழ். வ. அவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம், "இதுவே இப்படித் துள்ளுதே, நான் கொண்டுவரப் போற கருவி வந்தா அவர் திருப்புல்லாணியில இருக்கும்போதே தெரியும்" என்றார்.

அது என்ன கருவி? கேட்டுக் குறித்ததை இங்கே எளிமையாக: சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் அவற்றில் ஓடும் மின்சாரத்துக்குத் தடையே இல்லாமல் போய்விடும். வளையமாகச் செய்து ஓடவிட்டால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வளையத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் மிக மெலிதாக விட்டுவிட வேண்டும். வெளியே காந்தம் இம்மி மாறினாலும் அந்த மெலிந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட உலோகத்துக்குச் சூப்பர்கண்டக்டர் என்று பெயர். அயல்நாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வ. நேரில் பார்த்திருக்கிறார். அங்கே மனிதன் இதயம் துடிக்கும்போது மார்புக்கு வெளியே எழும் காந்தத்தையே பிடித்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

பிலோமினா தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது வந்ததும் மொத வேலையா எங்க வீட்டுக்காரவுக நெஞ்சுல வச்சுப் பாருங்க தாயி. உள்ள ஒண்ணு இருக்கா இல்லையான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்."

மிக்கேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, "இருக்குறதுனாலதான உன்னோட கெடக்கேன்" என்றார்.

"எம்புட்டுக் குளிரு வேணும்? ஐஸ்ல வைக்கலாமா?" இதுவும் பிலோமினா.

"அந்தக் குளிருக்கு முன்னாடி ஐஸ் அடுப்பு மாதிரி."

பிலோமினா என்னைப் பார்த்தாள். "நாங்க அந்த அடுப்புக்கே இன்னும் வழியக் காணோம்."

14, புதன்

காலை ஆறு மணிக்கே கிளம்பினேன். வீட்டில் கோபம். சாம்பல் நிறக் கடல், காற்றில்லை.

ஊர் கூடி இரும்பை வெளியேற்றும் நாள். அங்குமிங்கும் நடமாடும் இரும்புதான் கெடுக்கிறது. இரும்பைப் பிடுங்கிவிட்டால் ஆட்கள் எப்படி நடந்தாலும் கவலையில்லை என்று வ. முடிவு செய்துவிட்டார். ஒரு நாலைந்து சுத்தமான நடுப்பகல் கிடைத்தால் போதும்.

கோவில் வாசலில் கொண்டுவந்து குவித்தவை: நங்கூரங்கள். அரிவாள், அரிவாள்மணை. கிணற்றில் விழுந்த தோண்டியை எடுக்கும் பாதாளக் கரண்டி. தூண்டில் முள், ஒரு டின் நிறைய. தோசைக்கல். ஊக்கு, குழந்தைகளின் அரைஞாண் கயிற்றுச் சாவி. கோவில் பூட்டு. ஒரு துருப்பிடித்த பீரங்கிக் குண்டு. எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒரு வீட்டில் ஊறுகாய்க்குப் பாரமாக இருந்ததாம்.

எது இரும்பு எது இல்லை என்பதில் பெரிய வாக்குவாதம். பித்தளை ஆகாதா, அலுமினியம் ஆகாதா, வலையில் கட்டிய ஈயக்குண்டு என்ன பாவம் செய்தது? வ. கையில் ஒரு காந்தத்துண்டு. ஒட்டினால் வெளியே, ஒட்டாவிட்டால் வீட்டுக்கு. மிக்கேலின் பெரியப்பா ஒருவர் தன் வாயைத் திறந்து காட்டி, கட்டின பல்லைச் சோதிக்கச் சொன்னார். ஒட்டவில்லை. அவருக்கு வருத்தம்.

சுமந்துபோய்ப் பனங்காட்டில் வைக்கவேண்டும். வண்டியில் ஏற்றினார்கள். வண்டிச் சக்கரத்தின் பட்டையே இரும்பு என்பது பாதி ஏற்றிய பிறகுதான் யாருக்கோ உறைத்தது. எல்லாவற்றையும் இறக்கி, தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள்.

பிறகு கோவிலில் மெழுகுதிரி ஏற்றி மிக்கேல் சத்தியம் செய்தார். ஊரும் கூடச் சொன்னது. டாக்டரம்மா பெட்டி கட்டிக் கிளம்புகிற வரைக்கும் கயிற்றைத் தாண்டி இரும்பு கொண்டுவர மாட்டோம், அந்தோணியார் சாட்சி. சத்தியமெல்லாம் வேண்டாம் என்றார் வ. "நீங்க படிச்சவுக, சும்மா சொன்னா நம்புவீக. நாங்க ஒருத்தர ஒருத்தர் நம்பணும்ல" என்றார் மிக்கேல்.

ஒரு சிக்கல். பிலோமினாவின் மகள் செபஸ்தியம்மாள் பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகவில்லை. தலைமாட்டில் அரிவாள் வைத்திருக்கிறாள். காற்று கருப்பு அண்டாமல் இருக்க. அவள் வீடு கயிற்றுக்கு உள்ளே. எடுக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டாள். வ. ஜன்னல் வழியாகப் பேசினார்: "அரிவாள் இருக்கட்டும்மா. அசையாம இருக்குற இரும்பு ஒரே அளவாத்தான் காட்டும், நான் கழிச்சுக்குவேன். அதை எடுத்துட்டு நடக்காம இருந்தாப் போதும்."

உள்ளேயிருந்து குரல்: "நானே எந்திரிச்சு நடக்க முடியாமத்தான் கெடக்கேன்."

மதியம் மீனை வெட்ட ஒன்றுமில்லை. முழு மீனாகக் குழம்பு. சிப்பியால் செதில் எடுத்திருந்தார்கள். எனக்கு இரண்டு வந்தது. முள் மாட்டி, பல்லில் உயிர் போனது.

15, வியாழன்

முதல் சுத்தமான நடுப்பகல்.

வ. வரைகட்டத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். காலையிலிருந்து கோடு மெல்ல ஏறி, உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் முன்னே ஒரு திமிலாக எழுந்து, பிறகு இறங்கியது. அந்தத் திமிலைக் காட்டி, "இதுக்குத்தான் வந்தேன்" என்றார். நம் ஊருக்கு நேர் மேலே, வெகு உயரத்தில், பகலில் மட்டும் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறதாம். உலகத்தைச் சுற்றி ஒரு பட்டையாக. அதன் காந்தம்தான் இந்தத் திமில். அந்தப் பட்டைக்கு நேர் கீழே, தண்டவாளமும் தொழிற்சாலையும் இல்லாத இடம் தேடி மூன்று வருடமாகக் கரை கரையாக அலைந்திருக்கிறார். பாம்பன் பக்கம் பாலம் கெடுத்தது. இந்த ஊர் கெடுக்கவில்லை.

மிக்கேல் கண்ணுக்குக் கை கொடுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே எங்க தலைக்கு மேல கரண்டு ஓடுதா தாயி?"

"ஆமா. ரொம்பப் பெரிய கரண்டு."

"பாத்தியாடி," என்று பிலோமினாவிடம் திரும்பினார். "ஆகாசத்துக்குக் குடுத்திருக்கான். அந்தோணியார்குடிக்கு இல்லேங்குறான்."

16, வெள்ளி

பல் வீக்கம். இடப்பக்கம் பேசமுடியவில்லை. வலப்பக்கமாகக் கேள்வி கேட்டேன்.

நிருபர் வேலையில் கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சரி, இதெல்லாம் நன்றாக முடிந்தால் அப்புறம் என்ன? நாலு நாளாகக் கேட்காமல் விட்டது என் பிசகு. இன்று கேட்டேன்.

வ. உற்சாகமாகச் சொன்னார். இங்கேயே நிரந்தர நிலையம். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் குளிர்க்கருவி. இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதால் சுற்றுவட்டாரத்தில் மின்கம்பி, தண்டவாளம், லாரி எதுவும் வராமல் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்.

"மின்கம்பியும் வராதா?"

"அதான் முக்கியம்."

"இந்த ஊர் கரண்டு கேட்டிருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவரிடமிருந்த வரைபடத்தில் மின்கம்பிக் கோடு எதுவும் இல்லை. மேலிடத்தில் இது வெற்றிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் பாக்டரி விவரத்தைச் சொன்னேன். கையிலிருந்த பென்சிலைச் சீவப் போனார். சீவுவதற்குக் கத்தி இல்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு வேற இடம் இல்ல சார்" என்றார்.

எழுதாமல் இருக்க எனக்கு வழி இல்லை. இரண்டு பக்கத்தையும் எழுதினேன்: விஞ்ஞானிக்குக் கிடைத்திருப்பது என்ன, ஊருக்குக் கிடைக்காமல் போவது என்ன. அடைமொழி ஒன்றுகூடப் போடவில்லை. போனில் வலப்பக்கமாகச் சொல்லி முடிக்க வெகுநேரம்.

17, சனி

துணையாசிரியர் போட்ட தலைப்பு: 'காந்தம் உண்டு, கரண்டு இல்லை!' கீழே நான் எழுதியதில் பாதி. நல்ல பாதி அல்ல.

காலைப் பஸ்ஸில் பேப்பர் வந்து, திருப்புல்லாணி டீக்கடையில் ஒருவன் சத்தமாகப் படித்து, நான் போய்ச் சேர்வதற்குள் ஊரே அறிந்திருந்தது. முதல் அர்ச்சனை எனக்கு.

"வாங்க பேப்பர்க்காரரே! நாங்க தோசைக்கல்லக்கூடக் கழட்டிக் குடுத்துட்டு, கஞ்சியக் குடிச்சிக்கிட்டு, எங்க தலையில நாங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோமே, பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டுத்தான இருந்தீக? வாயில என்ன கொழுக்கட்டையா?" பிலோமினா.

வாயில் வீக்கம் என்று சொல்லவில்லை.

பத்து மணிக்கு எல்லாரும் பனங்காட்டுக்குப் போனார்கள். இரும்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நங்கூரத்துக்கு இரண்டு ஆள். பெண்கள் அரிவாள்மணையோடு. வண்டிகள் மூன்று, இரும்புப் பட்டை கடகடக்க. போதாது என்று கோவிலின் வெண்கல மணி, பித்தளைக் குத்துவிளக்கு, அலுமினியக் குண்டான்கள், ஒட்டாது என்று புதன்கிழமை திருப்பி அனுப்பப்பட்ட அத்தனையும். சும்மா இருக்கும் இரும்பு கெடுக்காது, நடக்கும் இரும்புதான் கெடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை ஒருவரும் மறக்கவில்லை. நடந்தார்கள். உச்சிவெயிலில் குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பெரியப்பா பீரங்கிக் குண்டைக் காலால் உருட்டிக்கொண்டே. வ. வெளியே வரவில்லை.

நானும் பின்னால் நடந்தேன். மூன்றாவது சுற்றில்தான் கவனித்தேன். சத்தியம் செய்திருக்கிறார்கள் அல்லவா? ஒருவர்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. கயிறு தொய்ந்திருந்த இடத்தில் ஒரு கிழவி அதை எடுத்து மூங்கிலில் சரியாக மாட்டிவிட்டு, மறுபடி அரிவாளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

உச்சி சாய்ந்து வெகுநேரம் கழித்து வ. தாளோடு வெளியே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "இதுவரைக்கும் கெடச்சதுலயே சுத்தமான கோடு!" என்றவர், எதிரே வியர்த்து நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தாளை மடித்தார்.

மிக்கேல் நங்கூரத்தைக் கீழே வைத்தார். "ஒண்ணுமே கெடலையா தாயி?"

"கயித்துக்கு வெளிய நடந்தா எப்படிக் கெடும்? அதுக்குத்தான கயிறே கட்டியிருக்கேன்."

"எம்புட்டு உள்ள வந்தாக் கெடும்?"

வ. பொய் சொல்லியிருக்கலாம். "அந்தப் புன்னை மரம் வரைக்கும் வந்தாப் போதும்" என்றார்.

எல்லாரும் புன்னை மரத்தைப் பார்த்தார்கள். கயிற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. யாரும் நகரவில்லை. பெரியப்பா குண்டின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, "சாமி காரியத்துல கைய வச்சிட்டமே" என்றார்.

பிலோமினாதான் சொன்னாள்: "ஏலே, இரும்பக் கொண்டுபோயி வையுங்கலே. நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாமியார் வரட்டும், கேட்டுக்குவம்."

திரும்பவும் சுமந்துபோனார்கள்.

18, ஞாயிறு

பல் வீக்கம் உடைந்து சீழ் வந்தது. சுகம். உலகமே நன்றாக இருக்கிறது.

பூசைக்குப் பங்குச் சாமியார் வந்திருந்தார். உடம்பிலிருந்த இரும்பையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கயிற்றைத் தாண்டினார். பூசை முடிந்து கூட்டம். சத்தியத்துக்கு விலக்கு உண்டா என்பதே கேள்வி. சாமியார் யோசித்து, சத்தியம் சத்தியம்தான், ஆனால் சத்தியம் வாங்கியவர் மனசு வைத்தால் விடுவிக்கலாம் என்றார். எல்லாரும் வ.வைப் பார்த்தார்கள். வ. பூசையின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், எழுந்தார்.

"நான் இப்பவே விடுவிச்சிடறேன். ஆனா மூணு வருஷமாத் தேடி எனக்குக் கெடச்ச இடம் இது. இத விட்டா அந்தக் கருவி இந்தியாவுக்கு வரும்போது அத வைக்க எடம் இருக்காது. அதையும் தெரிஞ்சுக்கிட்டு எடுத்துட்டு வாங்க."

யாரும் எடுக்கவில்லை. இப்படிச் சொன்ன பிறகு எப்படி எடுப்பது? சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்க நினைத்து, அது கயிற்றுக்கு வெளியே இருப்பதை உணர்ந்து, மணிக்கட்டைத் தடவினார்.

மிக்கேல் கேட்டார்: "ஒங்களுக்கு என்னதான் தாயி வேணும்? ஊரா, மண்ணா?"

"ஊரு வேண்டாம். இரும்பு நடமாடாத மண்ணு வேணும்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அந்தா தெரியுது பாருங்க." கடலைக் காட்டினார். எதிரே தீவு. ஆள் கிடையாது, தண்ணீர் கிடையாது, தாழம்புதரும் நண்டும்தான். "அங்கன கரண்டு வேணும்னு எந்தப் பய கேக்கப் போறான்?"

எப்படிப் போவது, எப்படி வருவது, தண்ணீர்? வ. கேட்டுக்கொண்டே போனார். நாங்க கொண்டுபோறோம் என்று பதிலும் வந்துகொண்டே இருந்தது. நங்கூரம்? கல்லைக் கட்டிப் போடுவோம், எங்க பாட்டனெல்லாம் அப்படித்தான். பெரியப்பா தானும் காவலுக்கு வருவதாகச் சொன்னார். குண்டை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று வ. சொன்னார்.

19, திங்கள்

தீவு. வள்ளத்தில் வ., நான், மிக்கேல், துடுப்புக்கு இருவர். பிலோமினா சோற்றுப்பானையோடு தானாக ஏறிக்கொண்டாள். எனக்கும் வ.வுக்கும் பாதிக்கடலிலேயே வாந்தி. வ. பாட்டிலை மட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"பாட்டில விடுங்க தாயி, நான் வச்சுக்கிறேன்."

"வேண்டாம்."

"புள்ளயக்கூட இப்புடிப் புடிக்க மாட்டாளுக."

தீவில் மணல் சூடு. பாட்டிலை மரமுக்காலியில் வைத்து, பெட்டியைத் தூரத்தில் வைத்து, வ. அளக்க ஆரம்பித்தார். நாங்கள் தாழம்புதருக்குள் உட்கார்ந்தோம். மிக்கேல் கட்டிக்கொண்டிருந்த வேட்டிகூட ஆடாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். இது கெட்டால் ஊரில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். உச்சிவெயில் கடந்தது.

திமில் எழுந்தது. அதைவிட, திமிலுக்கு இருபக்கமும் கோடு மழித்தது மாதிரி. ஊரில் கிடைத்ததைவிட நேர்த்தி. வ. தாளைக் காட்டிவிட்டு மணலில் உட்கார்ந்து, சூடு பொறுக்காமல் எழுந்து நின்றுகொண்டார்.

"நல்லா இருக்கா தாயி?" பிலோமினா.

"ரொம்ப."

"எங்க ஊர விட?"

"விட."

பிலோமினா மிக்கேலைப் பார்த்தாள். இருவரும் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு.

20, செவ்வாய்

மேலிடத்துக்கு அறிக்கை. எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பவேண்டும் என்று மிக்கேல் கேட்டுக்கொண்டார். கோவில் வாசலில் எல்லாரும். வ. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். தீவு மிகவும் ஏற்றது. அந்தோணியார்குடி ஏற்றதல்ல. காரணம், மக்கள் குடியிருக்கும் ஊர். மின்சாரம் கேட்டிருக்கிறார்கள், வந்தே தீரும். வந்தபின் அளவீடு நிலைக்காது. ஒரு பொய்யும் இல்லை. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கூட்டத்துக்குத் திருப்தியில்லை.

"ஏற்றதல்லன்னா காணாது தாயி. லாயக்கே இல்லன்னு எழுதுங்க."

"இரும்பு நெறைய இருக்குன்னு போடுங்க."

"சண்டக்காரப் பயலுகன்னு போடுங்க. நெசந்தான்."

"நாயி கூட இருக்கு."

"நாயில இரும்பு இல்லடா."

"செயினு?"

செபஸ்தியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்திருந்தாள். "என் வீட்டு அரிவாளச் சேத்துக்கங்கக்கா. யாரு சொன்னாலும் எடுக்க மாட்டாள்னு."

வ. அதை எழுதினார். அறிக்கையில் உண்மையாகவே எழுதினார், பார்த்தேன்.

மாலையில் வ. பெட்டி கட்டினார். சத்தியம் முடிந்தது. ஊரே பனங்காட்டுக்கு ஓடியது. இரவுக்கு எல்லா வீட்டிலும் தோசை. எனக்கும் வந்தது. இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன்.

22, வியாழன்

ராமநாதபுரம் மின்சார ஆபீஸ். நான், மிக்கேல், பிலோமினா. வ. கையெழுத்திட்டுக் கொடுத்த நகல் கையில்.

இன்ஜினீயர் நல்ல மனிதர். திருப்புல்லாணிக்கு மேலே லைனை நிறுத்தி வைக்கச் சொல்லித் திங்கள்கிழமைதான் எழுதியிருக்கிறார். என்ன காரணம்? மேசைமேல் என் செய்தி, அந்தத் தலைப்போடு வெட்டி ஒட்டியிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "ஏம்மா, உங்க ஊரு எதுக்கும் லாயக்கில்லன்னு நீங்களே சர்டிபிகேட் வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"சும்மா குடுத்துருவாகளா? ஒரு வாரம் பாடுபட்டோம்ல" என்றாள் பிலோமினா.

நிறுத்தச் சொன்னதை ரத்து செய்து எழுதுவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் மதுரை போய் வரவேண்டும். ஆர்டர் வந்ததும் வேலை தொடங்கும். எப்போது வரும்? வரும்.

துணையாசிரியருக்குப் போன் செய்து, தீவுச் செய்தியைச் சொன்னேன். "தீவுல யாரு இருக்கா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப யாரு படிப்பா?" என்று வைத்துவிட்டார்.

23, வெள்ளி

தென்காற்று தொடங்கிவிட்டது. வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். காலை பஸ்ஸின் கூரையில் அதை ஏற்றிக்கொண்டு திருப்புல்லாணி.

ரோட்டோரம் மின்சார ஆபீஸ் முன்பே இறக்கிப் போட்டிருந்த இரும்புக் கம்பங்களில் ஒன்றைக் காணவில்லை. வாட்ச்மேன் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார். நானும் சைக்கிளை மிதித்தேன். ஊருக்குப் போகும் மணல்பாதையில் அந்தோணியார்குடி ஆண்கள் இரு வரிசையாக, தோளில் கம்பம். வலை இழுக்கும் பாட்டு. முன்னால் மிக்கேல். பக்கவாட்டில் பிலோமினா, தலைச்சுமையோடு, குரல் கொடுத்துக்கொண்டு.

"யோவ், எறக்குங்கய்யா! ஆர்டர் இன்னும் வரல!" என்று கத்தினார் வாட்ச்மேன்.

பிலோமினா நிற்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"வாரப்ப வரட்டும்! கம்பத்தத்தான கொண்டுபோறோம், கரண்டயா கொண்டுபோறோம்?"